ஹியூகோ விருதை யார் கொடுக்கிறார்கள்?

ஆங்கில அறிவியல் புனைகதைப் புத்தகங்களின் அட்டையில் ‘ஹியூகோ விருது பெற்றது’ என்ற வரியை நீங்கள் பார்த்திருக்கலாம். ஐசக் அசிமோவ், ஆர்தர் சி. கிளார்க், அர்சுலா லெ குவின், லியு சிஷின் என்று இந்தத் துறையில் பெயர் தெரிந்த பலரும் வாங்கிய விருது அது. நோபல் இலக்கியப் பரிசை ஸ்வீடிஷ் அகாதமி கொடுக்கிறது. புக்கர் பரிசுக்கு ஒரு நடுவர் குழு உட்கார்கிறது. சரி, ஹியூகோவைக் கொடுப்பது யார்?

வாசகர்கள்தான். ஆண்டுக்கொரு முறை ‘வோர்ல்ட்கான்’ என்ற உலக அறிவியல் புனைகதை மாநாடு நடக்கிறது. அந்த ஆண்டு அதில் உறுப்பினராகப் பணம் கட்டிய எவரும் ஓட்டுப் போடலாம். எழுத்தாளராகவோ பேராசிரியராகவோ இருக்க வேண்டியதில்லை. மாநாட்டுக்கு நேரில் போகக்கூட வேண்டாம். சமீப ஆண்டுகளில் சுமார் 50 அமெரிக்க டாலர் கட்டினால் ஓட்டு உங்கள் கையில்.

பணம் கட்டினால் ஓட்டா என்று முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் இந்த விருதின் பெருமை, அதைச் சுற்றி நடந்த சண்டைகள் இரண்டுமே அந்த ஒரு ஏற்பாட்டிலிருந்து வந்தவைதான். அதைப் புரிந்துகொள்ள மாநாடு எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

வாசகர் கடிதத்தில் தொடங்கியது

லக்சம்பர்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர் ஹியூகோ கெர்ன்ஸ்பேக். வானொலிப் பாகங்கள் விற்றார், மின்கருவிகள் பற்றிப் பத்திரிகைகள் நடத்தினார். 1926 ஏப்ரலில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதைகளை மட்டுமே வெளியிட்ட முதல் ஆங்கில இதழ் அது. எழுத்தாளர்களுக்குக் காசு கொடுப்பதில் மனிதருக்குக் கெட்ட பெயர். ஆனால் அவர் செய்த ஒரு சின்னக் காரியம் பெரிதாகப் போய்விட்டது. வாசகர் கடிதங்களை, எழுதியவரின் முழு முகவரியோடு அச்சிட்டார்.

அந்தக் காலத்தில் இந்தக் கதைகளைப் படித்தவர்கள் பெரும்பாலும் பதின்வயதுப் பையன்கள். தங்கள் தெருவிலோ பள்ளியிலோ இதைப் பற்றிப் பேச ஆள் இல்லாதவர்கள். இதழில் முகவரியைப் பார்த்ததும் ஒருவருக்கொருவர் நேராகக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். கடிதம் மன்றமானது. மன்றங்கள் சொந்தமாக ‘ஃபேன்சீன்’ என்ற ரசிகர் இதழ்களைச் சைக்ளோஸ்டைலில் உருட்டி அஞ்சலில் அனுப்பின. 1934இல் கெர்ன்ஸ்பேக்கே தம் பத்திரிகை மூலம் ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன் லீக்’ என்ற ரசிகர் அமைப்பைத் தொடங்கிக் கிளைகள் திறக்க அனுமதி கொடுத்தார். பத்திரிகை விற்பனையை மனதில் வைத்துச் செய்ததுதான். ஆனால் ரசிகர்கள் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் சண்டை. எங்கே நான்கு ரசிகர்கள் கூடினாலும் மூன்று கோஷ்டி என்பது அப்போதே உண்மை. டொனால்ட் வோல்ஹெய்ம் என்ற நியூயார்க் இளைஞர், தம் கதைக்குக் கெர்ன்ஸ்பேக் பணம் தரவில்லை என்று இன்னும் சிலரைச் சேர்த்துக்கொண்டு போராடி வசூலித்தார். லீகிலிருந்து அவரை நீக்கினார்கள். இந்த வோல்ஹெய்மும் நண்பர்களும் சேர்ந்து நடத்திய குழுதான் ‘ஃபியூச்சரியன்ஸ்’. அவர்களில் பலர் இடதுசாரிகள். அறிவியல் புனைகதை ரசிகன் சும்மா கதை படித்துக்கொண்டிருந்தால் போதாது, உலகத்தை மாற்றவும் வேண்டும் என்று வாதாடியவர்கள்.

1939, நியூயார்க்

அந்த ஆண்டு நியூயார்க்கில் உலகக் கண்காட்சி நடந்தது. ‘நாளைய உலகம்’ என்பதே அதன் கருப்பொருள். அதையொட்டி சாம் மாஸ்கோவிட்ஸ் தலைமையில் ஒரு ரசிகர் குழு, ஜூலை 2 முதல் 4 வரை ஒரு மாநாட்டைக் கூட்டியது. ‘உலக’ அறிவியல் புனைகதை மாநாடு என்று பெயர் வைத்தார்கள். வந்தவர்கள் சுமார் 200 பேர், கிட்டத்தட்ட எல்லாருமே அமெரிக்கர்கள். கண்காட்சியில் இருந்த ‘உலகம்’ மாநாட்டின் பெயரிலும் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அதற்குத் தகுந்தபடி நடந்துகொள்ள மாநாட்டுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

சிறப்பு விருந்தினர் ஓவியர் ஃபிராங்க் ஆர். பால். ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ அட்டைகளில் விண்கலங்களையும் வேற்றுக்கிரக நகரங்களையும் வரைந்தவர். முதல் மாநாட்டின் விருந்தினராக எழுத்தாளரை விட்டு ஓவியரை அழைத்தது எனக்குப் பிடித்த விஷயம். அந்தப் பையன்களைக் கடையில் நிறுத்தி இதழை வாங்க வைத்தவை அட்டைப் படங்கள்தானே.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஃபாரஸ்ட் அக்கர்மன், மிர்ட்டில் டக்ளஸ் என்ற இரண்டு ரசிகர்கள் வந்தார்கள். எதிர்காலத்து மனிதர்கள் போல மேலங்கி சகிதம் உடை அணிந்து நியூயார்க் தெருக்களில் நடந்தார்கள். இன்று காமிக்-கான் என்கிற ரசிகர் திருவிழாக்களில் கதாபாத்திரங்கள் போல உடை அணிந்து வருகிறார்களே, அந்தக் காஸ்பிளேயின் தொடக்கமாக இதைத்தான் சொல்வார்கள். இரண்டு உடைகளையும் வடிவமைத்துத் தைத்தவர் டக்ளஸ். ஆனால் நெடுங்காலம் பெயர் கிடைத்தது அக்கர்மனுக்கு. 18 வயது ரே பிராட்பரியும் வந்திருந்தார். பயணத்துக்குக் கையில் காசில்லாமல் அக்கர்மனிடம் கடன் வாங்கி வந்தவர்.

முதல் நாளே வாசலில் தகராறு. அரங்கில் ஒரு துண்டுப் பிரசுரக் கட்டு கிடைத்தது. அமைப்பாளர்கள் சர்வாதிகாரிகள் என்று எச்சரித்தது அது. இது ஃபியூச்சரியன்ஸ் வேலைதான் என்று முடிவுகட்டிய மாஸ்கோவிட்ஸ், கலாட்டா செய்ய மாட்டோம் என்று உறுதிமொழி கேட்டார். மறுத்தவர்கள் உள்ளே போக முடியவில்லை. வோல்ஹெய்ம், ஃபிரெடரிக் போல், சிரில் கார்ன்புளூத் உட்பட ஆறு பேர் வெளியே நிறுத்தப்பட்டார்கள். பிரசுரத்தை அச்சிட்ட டேவ் கைல் என்னவோ அந்த ஆறு பேரில் இல்லை. அதே குழுவோடு பழகிய 19 வயது அசிமோவும் உள்ளே போய்விட்டார்.

வெளியே நின்றவர்கள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்பது சுவாரசியம். வோல்ஹெய்ம் அமெரிக்காவின் முக்கியமான அறிவியல் புனைகதைப் பதிப்பாளர்களில் ஒருவரானார். போல் இதழாசிரியராகவும் நாவலாசிரியராகவும் ஹியூகோக்கள் வாங்கினார். 2010இல் மெல்பர்னில் நடந்த வோர்ல்ட்கானில், 90 வயதில், சிறந்த ரசிக எழுத்தாளருக்கான ஹியூகோவும் அவருக்குக் கிடைத்தது. எந்த மாநாடு அவரை ரசிகராக உள்ளே விடவில்லையோ, அதே மாநாடு 71 ஆண்டுகள் கழித்து ரசிகர் என்ற பெயரிலேயே விருது கொடுத்தது.

ராக்கெட் வந்த கதை

1940இல் சிகாகோ, 1941இல் டென்வர். பிறகு உலகப் போர். 1942இல் நடந்திருக்க வேண்டிய லாஸ் ஏஞ்சலஸ் மாநாடு 1946இல்தான் நடந்தது. 1948இல் கனடாவின் டொராண்டோவுக்குப் போய் முதல் தடவையாக அமெரிக்க எல்லையைத் தாண்டியது. 1957இல் லண்டன்.

விருது 1953இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தது. சினிமாக்காரர்களுக்கு ஆஸ்கர் இருக்கிறதே, நமக்கு ஏன் இருக்கக் கூடாது என்று ஹால் லிஞ்ச் என்ற உறுப்பினர் யோசனை சொன்னார். கெர்ன்ஸ்பேக்கைக் கௌரவிக்கும் ‘ஹியூகோ’ என்ற பெயர் பேச்சில் நிலைத்தது. ஏட்டில் மட்டும் ‘அறிவியல் புனைகதைச் சாதனை விருது’ என்றே 1990களின் தொடக்கம்வரை இருந்தது. யாரும் அப்படிச் சொன்னதில்லை.

கோப்பை வடிவம் முடிவாகிவிட்டது: செங்குத்தாக நிற்கும், துடுப்பு வைத்த ராக்கெட். செய்யத்தான் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் ஜாக் மெக்நைட் என்ற ரசிகர் தாமே கடைசல் இயந்திரத்தில் உட்கார்ந்து கடைந்தார். வேலை இழுத்துக்கொண்டே போனதில் பாவம், மாநாட்டின் பெரும்பகுதியை அவர் பார்க்கவே இல்லை. சிறந்த நாவலுக்கான முதல் ஹியூகோ ஆல்ஃப்ரெட் பெஸ்டரின் ‘தி டெமாலிஷ்டு மேன்’ நாவலுக்குப் போனது. ‘முதல் எண் ரசிகர்’ என்று ஒரு பிரிவும் இருந்தது. அதை வென்ற அக்கர்மன், இது எனக்கு வேண்டாம் என்று மேடையிலேயே இங்கிலாந்து ரசிகர் கென் ஸ்லேட்டருக்குத் தந்துவிட்டார்.

அடுத்த ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோ மாநாடு விருதே கொடுக்கவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை, ஏனென்றால் விதி என்று ஒன்று அப்போது கிடையாது. 1955இல் கிளீவ்லாந்து மறுபடி தொடங்கியதும்தான் ஆண்டு வழக்கமாயிற்று. அப்போது பென் ஜேசன் வடிவமைத்த ராக்கெட்தான் சிறுசிறு மாற்றங்களோடு இன்றும் தொடர்கிறது. ராக்கெட் மாறாது. அது நிற்கிற பீடத்தை மட்டும் அந்தந்த ஊர்க்காரர்கள் புதிதாக வடிவமைப்பார்கள். வென்றவர்கள் வீட்டு அலமாரியில் இரண்டு மூன்று ஹியூகோக்கள் இருந்தால் பீடத்தை வைத்தே எந்த ஊரில் வாங்கியது என்று சொல்லிவிடலாம்.

1970 மாநாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேற்கு ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் நடந்தது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாட்டில் நடந்த முதல் வோர்ல்ட்கான் அது. சிறந்த நாவலுக்கான விருது அர்சுலா லெ குவினுக்கு. அந்தப் பிரிவில் பெண் ஒருவர் வென்றது அதுவே முதல் தடவை. திரைப்பட, தொலைக்காட்சிப் பிரிவில் வென்றது எது தெரியுமா? அப்போலோ 11 நிலவில் இறங்கியதன் தொலைக்காட்சி ஒளிபரப்பு! அந்த ஆண்டு எந்தக் கற்பனையும் அதோடு போட்டி போட முடியாது என்று வாசகர்கள் முடிவுசெய்துவிட்டார்கள்.

நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1956இல் நியூயார்க் வோர்ல்ட்கானின் சிறப்பு விருந்தினர் ஆர்தர் சி. கிளார்க். அங்கே சிறுகதைக்கு ஹியூகோ வாங்கினார். அதே ஆண்டில்தான் இலங்கையில் குடியேறினார். 1980இல் அவருக்கு ஹியூகோ வாங்கித் தந்த ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ நாவலின் களம் தப்ரோபேன் என்ற தீவு. இலங்கையைத்தான் கதையின் வசதிக்காகக் கொஞ்சம் தெற்கே நகர்த்திப் பூமத்தியரேகையில் வைத்திருந்தார். பூமியிலிருந்து விண்வெளிக்குப் போகிற மின்தூக்கியை அங்கேதானே நிறுத்த முடியும்.

சொந்தக்காரர் இல்லாத மாநாடு

வோர்ல்ட்கானுக்கு நிரந்தர அலுவலகம் இல்லை, சம்பளம் வாங்கும் தலைவர் இல்லை. உலக அறிவியல் புனைகதைச் சங்கம் என்று ஒன்று உண்டு. ஆனால் அது ஒரு சாசனமும் உறுப்பினர் கூட்டமும்தான். கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தரப்பார் மண்டகப்படி ஏற்று நடத்துவார்களே, அப்படி ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு ஊர்க்குழு மாநாட்டை ஏற்று நடத்துகிறது. எந்த ஊர் என்பதையும் உறுப்பினர்களே இரண்டு ஆண்டுகளுக்கு முன்னதாக ஓட்டுப்போட்டு முடிவுசெய்வார்கள். நடத்துகிற எல்லாரும் தன்னார்வலர்கள். மேடையில் பேச வரும் எழுத்தாளர்கூட, சிறப்பு விருந்தினர் தவிர, பொதுவாக உறுப்பினர் கட்டணம் கட்டித்தான் வருகிறார்.

அளவிலும் இது சான் டியகோ காமிக்-கான் மாதிரி கிடையாது. அங்கே லட்சத்துக்கு மேல் கூட்டம், நடிகர்கள், முன்னோட்டங்கள். இங்கே வழக்கமாகச் சில ஆயிரம் பேர். பேச்சரங்குகள், ஓவியக் கண்காட்சி, மாறுவேடப் போட்டி, ராத்திரி வேளைகளில் ‘ஃபில்க்’ என்கிற ரசிகர் பாட்டுக் கச்சேரி. ஆனாலும் சினிமாக்காரர்கள் இதன் மதிப்பை அறிந்தே இருந்தார்கள். 1966இல் ‘ஸ்டார் டிரெக்’ ஒளிபரப்பாகும் முன்பே அதன் முன்னோட்டப் படத்தைக் கிளீவ்லாந்து வோர்ல்ட்கானில் போட்டுக்காட்டினார் ஜீன் ராடன்பெர்ரி. 1976இல் கேன்சஸ் சிட்டிக்கு ‘ஸ்டார் வார்ஸ்’ குழு வந்தது. படம் வர இன்னும் பல மாதங்கள் இருந்தன.

பயணச் செலவுதான் எப்போதும் இடிக்கும். 1952இல் பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த வால்ட் வில்லிஸ் என்ற ரசிகரைச் சிகாகோவுக்கு வரவழைக்க ரசிகர்கள் கைக்காசு திரட்டினார்கள். அந்தப் பழக்கம் அட்லாண்டிக்கைத் தாண்டி ரசிகர்களை அனுப்பும் நிதியாக மாறி இன்றும் நடக்கிறது.

ஓட்டு எப்படி எண்ணப்படுகிறது?

இது கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி. பின்னால் வரும் சண்டைகள் எல்லாம் இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

முதலில் பிரிவுகள். கதைகளை நீளம் வைத்துப் பிரிக்கிறார்கள். 7,500 சொற்களுக்குக் குறைந்தால் சிறுகதை. அதற்கு மேல் 17,500 வரை நெடுங்கதை. 40,000 வரை குறுநாவல். அதற்கு மேலே நாவல். இவை தவிரத் தொடர்கள், படக்கதை, திரை, தொகுப்பாசிரியர், ஓவியர், ரசிகர் இதழ், ரசிக எழுத்தாளர் என்று நிறைய உண்டு.

இரண்டு சுற்று. முதல் சுற்றில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஐந்து பெயர்கள்வரை பரிந்துரைக்கலாம். அதிலிருந்து இப்போது ஆறு பேர் இறுதிப் பட்டியலுக்கு வருகிறார்கள். இரண்டாவது சுற்றில் அந்த ஆறையும் உங்களுக்குப் பிடித்த வரிசையில் 1, 2, 3 என்று எண் போட்டுத் தர வேண்டும். இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்எல்ஏக்களும் எம்பிக்களும் போடுவது போன்ற விருப்ப ஓட்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று வையுங்கள். முதல் விருப்பமாக ‘அ’ நாவலுக்கு 40, ‘ஆ’வுக்கு 35, ‘இ’க்கு 25. சாதாரணத் தேர்தல் என்றால் ‘அ’ வென்றுவிடும். இங்கே யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. எனவே கடைசியில் இருக்கும் ‘இ’ நீக்கப்படும். அதற்குப் போட்ட 25 பேரின் இரண்டாவது விருப்பத்தைப் பார்ப்பார்கள். 20 பேர் ‘ஆ’வையும் 5 பேர் ‘அ’வையும் எழுதியிருந்தால், ‘ஆ’ 55, ‘அ’ 45. விருது ‘ஆ’வுக்கு. ஒரு கூட்டம் வெறித்தனமாக நேசித்து மற்றவர்கள் வெறுக்கிற புத்தகம் இந்த முறையில் தேறுவது கஷ்டம். பலருக்கும் ஓரளவாவது பிடித்த புத்தகம் மேலே வரும். அதுதான் நல்ல புத்தகமா என்பது வேறு கேள்வி.

ஓட்டுச்சீட்டில் இன்னொரு வரியும் உண்டு: ‘விருது யாருக்கும் இல்லை’. நோட்டா மாதிரி. ஆனால் இந்தியாவில் நோட்டா எத்தனை ஓட்டு வாங்கினாலும் வேட்பாளர்களில் ஒருவர் ஜெயித்துவிடுவார். இங்கே அந்த வரியே ஜெயிக்க முடியும். ஜெயித்தால் அந்தப் பிரிவில் அந்த ஆண்டு விருது கிடையாது.

2015

இந்த முறையில் பலவீனமான இடம் முதல் சுற்று. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் கதைகள் வருகின்றன. வாசகர்கள் அவரவர் படித்ததைப் பரிந்துரைப்பதால் ஓட்டுகள் சிதறிக்கிடக்கும். அப்போது சில நூறு பேர் பேசி வைத்துக்கொண்டு ஒரே பட்டியலை அப்படியே எழுதிக் கொடுத்தால்? இறுதிப் பட்டியல் முழுக்க அவர்களுடையதாகிவிடும்.

2013 தொடங்கி எழுத்தாளர் லாரி கொரியா ‘சேட் பப்பீஸ்’ என்ற பிரசாரத்தை நடத்தினார். விண்வெளிச் சாகசக் கதைகளை ஒதுக்கிவிட்டு அரசியல் சரித்தன்மையும் இலக்கியப் பாசாங்கும் உள்ள கதைகளுக்கே விருது போகிறது என்பது புகார். 2015இல் பிராட் டார்கர்சன் அதைத் தொடர்ந்தார். கூடவே ‘ராபிட் பப்பீஸ்’ என்று இன்னும் தீவிரமான வலதுசாரிப் பட்டியல் ஒன்றும் கிளம்பியது. இரண்டும் சேர்ந்து பல பிரிவுகளை முழுதாகப் பிடித்தன. விதி எதுவும் மீறப்படவில்லை. கட்டணம் கட்டினார்கள், பரிந்துரைத்தார்கள். ரசனையில் சண்டை போடுவது ரசிகர்களின் உரிமைதான். ஆனால் படிக்காமலே பட்டியலைப் பார்த்து எழுதுவதை ரசனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பட்டியலில் தங்கள் பெயர் இருந்ததே சிலருக்குப் பிடிக்கவில்லை. மார்கோ குளூஸ் என்ற எழுத்தாளர் தம் நாவலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். காலியான இடத்தில் அடுத்ததாக இருந்த நாவல் ஏறியது. அது லியு சிஷினின் ‘தி த்ரீ-பாடி பிராப்ளம்’, சீன மொழியிலிருந்து கென் லியு மொழிபெயர்த்தது.

ஸ்போக்கேன் நகரில் நடந்த அந்த ஆண்டு மாநாட்டுக்குச் செய்தி பரவி, சுமார் 6,000 பேர் ஓட்டுப் போட்டார்கள். அதற்கு முன் அவ்வளவு பேர் போட்டதில்லை. ஐந்து பிரிவுகளில் ‘விருது யாருக்கும் இல்லை’ ஜெயித்தது. அதற்கு முந்தைய அறுபது சொச்சம் ஆண்டுகளில் மொத்தமாகவே ஐந்து தடவைதான் அப்படி நடந்திருந்தது. சிறந்த நாவல் விருது லியு சிஷினுக்கு. மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று வென்றது அதுதான் முதல் தடவை. குளூஸ் விலகாமல் இருந்திருந்தால் அது போட்டியிலேயே இருந்திருக்காது.

விதியை மாற்ற வேண்டும் என்று முடிவானது. இங்கே மாற்றம் மெதுவாகத்தான் வரும். உறுப்பினர் கூட்டத்தில் ஒரு திருத்தம் நிறைவேறினால் மட்டும் போதாது, அடுத்த ஆண்டு வேறு ஊரில், வேறு கூட்டமும் அதை ஏற்க வேண்டும். 2015இல் நிறைவேறி, 2016இல் உறுதியாகி, 2017இல் புதிய எண்ணும் முறை நடைமுறைக்கு வந்தது. சுருக்கம் இது: ஒரு பிரிவில் ஒருவருக்கு ஒரே ஒரு புள்ளி. ஐந்து பேரைப் பரிந்துரைத்தால் அந்தப் புள்ளி ஐந்தாகப் பிரியும். கடைசியில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக நீக்கப்பட நீக்கப்பட, மிச்சம் இருப்பவர்களுக்கு உங்கள் பங்கு கூடும். ஒரே ஐந்து பெயரை நூறு பேர் எழுதினால் அந்த ஐந்தும் தங்களுக்குள்ளேயே புள்ளியைப் பிடுங்கிக்கொள்ளும். ஒன்றிரண்டு தேறலாம், முழுப் பட்டியலும் தேறுவது கஷ்டம்.

2016, 2017, 2018 மூன்று ஆண்டுகளிலும் சிறந்த நாவல் விருதை என். கே. ஜெமிசின் வாங்கினார். அப்படித் தொடர்ந்து மூன்று முறை வென்றவர் வேறு யாரும் இல்லை. அந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பின எழுத்தாளரும் அவரே.

செங்டு

2023 மாநாடு சீனாவின் செங்டு நகரில். சீனாவில் இந்தக் கதைகளுக்கு இருக்கிற வாசகர் கூட்டம் சாதாரணமானதல்ல. இதற்கென்றே புதிதாக ஓர் அருங்காட்சியகக் கட்டடம் எழுப்பினார்கள். பல சீன வாசகர்களுக்கு உலக மாநாடு முதல் தடவையாகத் தங்கள் ஊருக்கு வந்த மகிழ்ச்சி.

2024 ஜனவரியில் ஓட்டு விவரங்கள் வெளியானபோதுதான் விஷயம் தெரிந்தது. போதுமான பரிந்துரைகள் வாங்கியும் சிலர் ‘தகுதியற்றவர்’ என்று நீக்கப்பட்டிருந்தார்கள். ஆர். எஃப். குவாங்கின் ‘பேபல்’ நாவல் அவற்றில் ஒன்று. அது, அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் ஒன்று கொடுக்கிற நெபுலா விருதை வாங்கிய நாவல். ஏன் என்று காரணம் எழுதவில்லை. பிறகு கசிந்த மின்னஞ்சல்கள் காட்டியது இன்னும் மோசம். விருதை நிர்வகித்த குழுவில் இருந்த மேற்கத்தியர்களே, சீனா, தைவான், திபெத் பற்றி யார் என்ன எழுதினார்கள் என்று துழாவிக் குறிப்பு எடுத்திருக்கிறார்கள். திபெத்துக்குப் போனதாக ஒருவர்மேல் குறிப்பு எழுதியிருந்தார்கள். அவர் போனது நேபாளத்துக்கு.

2015இல் நடந்ததைவிட இதுதான் பெரிய அடி என்று நினைக்கிறேன். அப்போது கூட்டம் சேர்த்தவர்கள் தங்கள் ஓட்டைத்தான் போட்டார்கள், மற்றவர்கள் அதிக ஓட்டுப் போட்டுப் பதில் சொல்ல முடிந்தது. இங்கே எண்ணுகிற மேசையிலேயே கை வைத்துவிட்டார்கள். அதற்கு எந்த விருப்ப ஓட்டும் மருந்து இல்லை. செங்டுவைச் சீனாவின் தலையில் மட்டும் கட்டிவிட்டுப் போவதும் நியாயமில்லை. கட்டணம் கட்டி ஓட்டுப் போட்ட சீன வாசகர்களும் ஏமாற்றப்பட்டவர்களே. நீக்கப்பட்டவற்றில் சீனப் படைப்புகளும் இருந்தன. பொறுப்பில் இருந்த சிலர் பதவி விலகினார்கள்.

அடுத்த ஆண்டு நடத்திய கிளாஸ்கோ குழு எல்லாவற்றையும் வெளிப்படையாகச் செய்வது என்று முடிவெடுத்தது. இறுதிப் பட்டியலோடு, யாரை எதற்காக நீக்கினோம் என்பதையும் வெளியிட்டது. இறுதிச் சுற்றில் ஒருவரை ஜெயிக்க வைப்பதற்காகப் போலிப் பெயர்களில் யாரோ உறுப்பினர் கட்டணம் கட்டியிருப்பது தெரிந்ததும், 3,813 ஓட்டுகளில் 377ஐத் தள்ளுபடி செய்து, விழாவுக்கு முன்பே அறிவித்தது. பயனடைய இருந்தவர் யார் என்று சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்து நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்பதால் அது சரியான முடிவு. அதே ஆண்டு சிறந்த நாவல் இறுதிப் பட்டியலில் இலங்கை எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகரவின் ‘தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’ இருந்தது. ஹியூகோ கிடைக்கவில்லை, நெபுலா கிடைத்தது.

நீங்கள் ஓட்டுப் போட வேண்டுமானால்

2026 மாநாடு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில், அனாஹெய்மில். 2027இல் கனடாவின் மான்ட்ரியால். நேரில் போகாமல் ஓட்டுரிமை மட்டும் தரும் உறுப்பினர் கட்டணத்தை இணையத்தில் கட்டலாம். ஆண்டின் முதல் மாதங்களில் பரிந்துரை. அதற்கு ஜனவரி 31க்குள் உறுப்பினராகியிருக்க வேண்டும். பிறகு இறுதிப் பட்டியல் வரும். அதில் உள்ள படைப்புகளில் பெரும்பாலானவற்றை மின்னூல்களாக உறுப்பினர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள், பதிப்பாளர் சம்மதத்தைப் பொறுத்து சிலவற்றை முழுதாக, சிலவற்றைப் பகுதியாக. வாசகருக்கு இந்த 50 டாலர் உண்மையிலேயே லாபம் தருவது இந்த இடத்தில்தான். மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்பு ஓட்டுப்பதிவு முடியும்.

விதிகளைத் திருத்துகிற உறுப்பினர் கூட்டம் நெடுங்காலமாக மாநாட்டு அரங்கில் காலை வேளைகளில்தான் நடந்துவந்தது. டிக்கெட் எடுத்து வந்தவரால்தான் அங்கே கை தூக்க முடிந்தது. 2025இல் சியாட்டில் குழு அதை மாநாட்டுக்கு முன்பே இணையத்தில் நடத்தியது. இன்னொன்று: ஒரு ஆண்டு உறுப்பினராக இருந்தவர், அடுத்த ஆண்டு மறுபடி பணம் கட்டாமலே அந்த ஆண்டின் ஹியூகோவுக்குப் பரிந்துரைக்கலாம். இறுதிச் சுற்றில் ஓட்டுப் போடத்தான் புதிதாகக் கட்ட வேண்டும்.